அவதாரிகை வேண்டும் நிழற்படங்கள்: அரையர் ஸேவையும் கறுப்பு வெள்ளைப் பிலிமும்

ஒரு பாசுரத்தின் பொருளை விரிக்கப் புகுமுன், அதனைச் சொல்பவர் யார், எந்நிலையில் நின்று யாரை நோக்கிச் சொல்கிறார் என்பதைத் தெளிவாக்கிவிட்டு மேலே செல்வது பூர்வாசார்யர்களின் முறை. அதற்கு அவதாரிகை என்று பெயர். திருவாய்மொழியில் ஆழ்வார் தாமான தன்மையில் பேசுவதுண்டு; தாயாகவும் மகளாகவும் தோழியாகவும் பேசுவதுண்டு. எழுத்தைக் கண்ட மாத்திரத்தில் இவ்வேறுபாடு எல்லார்க்கும் விளங்கிவிடாது. வியாக்கியாதா கைபிடித்து அழைத்துச் சென்றாலன்றிப் பாசுரத்தின் வாசலே திறவாத இடங்கள் பல. ஏட்டிலுள்ள சொல்லுக்கே இவ்வளவு துணை வேண்டியிருக்க, சொல்லும் இசையும் தாளமும் நீங்கி, கையும் கண்ணும் மட்டும் நின்றுபோன ஒரு நிழற்படத்துக்கு எவ்வளவு வேண்டும்? அரையர் ஸேவையைக் கறுப்பு வெள்ளைப் பிலிமில் பிடித்த படங்களை ஆராயப் புகுவார்க்கு முதலில் எதிர்ப்படும் வினா இதுவே.

அரையர் ஸேவையின் தோற்றத்தை ஸம்பிரதாயம் நாதமுனிகளிடத்தில் வைக்கிறது. திவ்யப் பிரபந்தத்தை மீட்டுக் கொணர்ந்த அவர், அதற்குப் பண்ணும் தாளமும் அமைத்துத் தம் மருமக்களான கீழையகத்தாழ்வானுக்கும் மேலையகத்தாழ்வானுக்கும் கற்பித்தார் என்பது குருபரம்பரை வரலாறு. அவ்வழி வந்த விண்ணப்பம் செய்வார்கள் இன்று திருவரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார் திருநகரி, மேல்கோட்டை ஆகிய சில தலங்களிலேயே கைங்கர்யம் செய்கிறார்கள். கூம்பு வடிவான குல்லாய், காதுகளின் மேல் தொங்கும் துணி, பெருமாள் உடுத்துக் களைந்த பரிவட்டமும் மாலையும், கையில் தாளம். வேஷம் இவ்வளவுதான். திரை இல்லை, அரங்கு இல்லை. கொண்டாட்டம் சொல்லிப் பாசுரத்தைப் பாடுவது, பாடிய அடியை அபிநயிப்பது, பிறகு தம்பிரான்படி வியாக்கியானத்தைச் சொல்வது என்று மூன்றும் ஒருவரிடத்திலேயே நிகழும். பாடகர், நடிகர், உரையாசிரியர் என மூவர் செய்யும் தொழிலை ஒருவர் செய்வது இது. மற்றக் கூத்து வகைகளுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேற்றுமையும் அதுவே.

இன்றைய விருதுநகர் மாவட்டத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் திருமுடி போன்றது. பெரியாழ்வாரும் ஆண்டாளும் அவதரித்த ஊரில், அவர்கள் பாசுரங்களை அவர்கள் திருமுன்பே அபிநயிக்கும் பேறு அவ்வூர் அரையர்களுக்கு வாய்த்திருக்கிறது. மார்கழியில் பகற்பத்துத் தொடங்குகையில் ஆண்டாள் தான் பிறந்த அகத்துக்கு எழுந்தருள, பெரியாழ்வார் வம்சத்தவரான வேதபிரான் பட்டர் திருமாளிகை முன்பு காய்கறிகளைப் பரப்பி வரவேற்கும் ‘பச்சை பரப்புதல்’ இந்நாளில் மிகுதியாகப் படம்பிடிக்கப்படும் காட்சி. அதனைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் பெயரிலேயே உள்ள பச்சை போய்விடும். அதன்பின் மண்டபத்துக்குள் நிகழும் அரையர் ஸேவைக்கு அந்த இழப்பு இல்லை. இது ஏன் என்பது பின்னர் விளங்கும்.

தென்னாட்டுக் கோயில்களுக்குள் காமிரா புகுந்தது 1850களில். சென்னை மாகாண அரசின் நிழற்படக்காரராக 1856இல் அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப், 1858இல் மதுரை, திருச்சிராப்பள்ளி, திருவரங்கம், தஞ்சாவூர், புதுக்கோட்டை ஆகிய இடங்களைப் படம்பிடித்தார். அவர் கையாண்டது மெழுகூட்டிய காகித நெகடிவ். ஒளியை மெல்ல மெல்ல உண்ணும் அக்காகிதத்தில் அசையாத தூண் பதியும், அசையும் மனிதர் பதியார். ஆகவே அப்படங்களில் மண்டபங்கள் ஆளரவமற்றுக் கிடக்கின்றன. திருவரங்கத்தில் அக்காலத்தில் ஜனமே இல்லையோ என்று பார்ப்பவர் மயங்கும்படி இருக்கும். கல் நிலைத்தது, கூத்து நழுவியது. நிழற்படத்தின் முதல் ஐம்பது ஆண்டுகளுக்கு இது பெரும்பாலும் பொருந்தும்.

இருட்டை வெல்வதற்கு 1887இல் ஜெர்மனியில் ஒரு வழி கண்டார்கள். மக்னீசியத் தூளையும் பொட்டாசியம் குளோரேட்டையும் கலந்து கொளுத்திக் கணப்பொழுது வெண்ணொளி எழுப்புவது அது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் உள்ள சிவகாசியில் இதன் உறவுமுறைகளை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. உலோகத் தூளும் உயிர்வாயு மிகுந்த உப்பும் சேர்ந்தால் என்ன நேரும் என்பதை அறிந்தே அவ்வூர் பிழைக்கிறது. பழைய பிலிமின் அடித்தளமான நைட்ரேட் செல்லுலாய்டும் வெடிமருந்துக்கு நெருங்கிய இனம். தீப்பற்றினால் தண்ணீருக்குள்ளும் எரியும். அதனாலேயே அதைக் கைவிட்டு அஸிட்டேட் தளத்துக்கு மாறினார்கள். பெருமாள் திருமுன்பில் வெடித்தூள் கொளுத்திப் படமெடுப்பது எண்ணவும் தகாதது. பிற்காலத்து மின் பளிச்சொளிக்கும் இது பொருந்தும். அது அரையர் கண்ணைக் கூசச் செய்து அபிநயத்தைக் கலைப்பதோடு, தீபத்தின் வெளிச்சத்தில் முகத்தில் விழும் நிழல்களை எல்லாம் அழித்துத் தட்டையாக்கிவிடும். பாவம் தங்குவது அந்நிழல்களில்.

எனவே மண்டபத்து ஒளியிலேயே எடுக்கத்தக்க வேகமான பிலிம் வரும்வரை அரையர் ஸேவையை நடக்கும்போதே பதிவது அரிதாக இருந்தது. 400 வேகமுடைய டிரை எக்ஸ் என்னும் பிலிமை 35 மில்லிமீட்டர் அளவில் கோடாக் நிறுவனம் 1954இல் வெளியிட்டது. பிறகு கிழக்கு ஜெர்மனியின் ஆர்வோ பிலிம்கள் இந்தியச் சந்தையில் பரவின. 1960இல் நிறுவப்பட்ட உதகமண்டலத்து இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967 முதல் ‘இந்து’ என்னும் பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள்களைத் தயாரிக்கத் தொடங்கியது. இவற்றைக் கொண்டும் விளக்கொளியில் ஒரு விநாடியில் பதினைந்திலோ முப்பதிலோ ஒரு பங்கு நேரம் திரையைத் திறந்து வைக்க வேண்டியிருக்கும். அந்நேரத்தில் தாளம் பிடித்த கை அசைந்தால் படத்தில் அது புகைபோல் தெரியும். புகைப்பட ரஸிகர் இதனைக் குற்றம் என்பர். அபிநயத்தை ஆராய்பவருக்கோ அது குணம். முகமும் இடக்கையும் கூர்மையாக நின்று வலக்கை மட்டும் கலைந்திருந்தால், அந்தக் கணத்தில் தொழிற்பட்ட கை எது என்பது அதனாலேயே தெரிகிறது.

கறுப்பு வெள்ளை அரையர் ஸேவைக்குப் பொருந்துவதற்கு இன்னொரு காரணம் உண்டு. கதகளியில் பச்சை, கத்தி, கரி என்று வேஷத்தின் நிறமே பாத்திரத்தைச் சொல்லும். நிறம் நீங்கினால் பாதி நாடகம் நீங்கும். அரையருக்கு முகப்பூச்சு இல்லை. இரணியனாக நடிக்கும்போதும் யசோதையாக நடிக்கும்போதும் திருமண் துலங்கும் அதே முகந்தான். நிறம் பொருளைச் சுமக்காத ஒரு கலையில் நிறமற்ற பிலிம் பொருளைக் குறைப்பதில்லை. ஆனால் இப்படங்களைக் கொண்டு நிறத்தைப் பற்றி வாதம் செய்யலாகாது. பழைய ஆர்த்தோகுரோமாட்டிக் தகடுகளும் பிலிம்களும் சிவப்பொளியை உணரமாட்டா. சிவந்த ஸ்ரீசூர்ணம் அவற்றில் கறுத்த கோடாக விழும். பின்வந்த பான்குரோமாட்டிக் பிலிமில் அதே கோடு சாம்பல் நிறமாக, சில வேளை அருகிலுள்ள தோலோடு கலந்து காணாமலே போகும். குல்லாயின் வெல்வெட்டு சிவப்பா கருநீலமா என்பதையும் இவ்வாறே தீர்க்க இயலாது. ஒரு பழைய படத்தில் ஸ்ரீசூர்ணம் தெரியவில்லை என்பதை வைத்து ஆசாரத்தைப் பற்றி முடிவுகட்டப் புகுவோர் முதலில் எந்தப் பிலிம் என்று கேட்க வேண்டும்.

அரையர் பெருமாளை நோக்கியே விண்ணப்பம் செய்கிறார் என்பது இவற்றினும் முக்கியமானது. ஸேவிப்பவர்கள் பக்கத்தில் இருப்பவர்கள்; அவர்களுக்காக அவர் திரும்புவதில்லை. பெருமாள் எழுந்தருளியிருக்கும் திசையில் நின்று அரையரை நேர்முகமாகப் படமெடுக்கும் அதிகாரம் வெளியார்க்கு இல்லை. ஆகவே நிகழ்ச்சியின் நடுவே எடுத்த உண்மையான படங்கள் பெரும்பாலும் பக்கவாட்டுத் தோற்றமாகவோ, தோளுக்குப் பின்னிருந்து கண்டதாகவோதான் இருக்கும். மார்புக்கு நேரே பிடித்த முத்திரை அவற்றில் பாதி மறையும். அரையர் முழுமுகம் காட்டி, இரு கைகளும் தெளிவாக நிற்கும் படம் கிடைத்தால், அது உத்ஸவ காலத்தில் எடுத்ததன்று, ஏதோ ஒரு விளக்கவுரை மேடையிலோ வேண்டுகோளின்பேரில் திருமாளிகை முற்றத்திலோ எடுத்தது என்று ஐயுறுவதே முறை. அத்தகைய படத்துக்கு மதிப்பில்லை என்பதன்று. அமெரிக்காவில் பார்பரா மார்கன் 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் மார்த்தா கிரகாமின் நடனத்தைப் பிலிமில் பதித்தபோது, மேடையில் நடக்கையில் எடுக்காமல் காமிராவுக்காகவே மீண்டும் ஆடச் செய்து எடுத்தார். அவை அக்கலையின் சிறந்த சான்றுகளாகவே போற்றப்படுகின்றன. அங்கே ஆட்டம் பார்வையாளருக்காக ஆடப்பட்டது. இங்கே கேட்கும் செவியும் காணும் கண்ணும் பெருமாளுடையவை. அவரை விலக்கிவிட்டு எடுத்த படம் முத்திரையைக் காட்டும், விண்ணப்பத்தைக் காட்டாது.

நின்று எடுத்துக்கொள்ளும் படத்துக்கு இவ்வட்டாரத்தில் தனி மரபே உண்டு. நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதிய சி. கொண்டையராஜு (1898–1976) கோவில்பட்டியில் நிலைபெற்று, சீடர்களோடு ஓவியத் தொழிலுடன் புகைப்படத் தொழிலையும் நடத்தினார். அவர் எழுதிய தெய்வ உருவங்கள் சிவகாசி அச்சகங்களின் வழியே நாட்காட்டிகளாக வீடுதோறும் சென்றன. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஒட்டும் சீட்டுகளுக்காக வளர்ந்த அச்சுத்தொழில் அது. மேடைத் திரை, ஸ்டுடியோத் திரை, நாட்காட்டியின் பின்புலம் ஆகிய மூன்றும் ஒரே கைத்தொழிலின் மூன்று வடிவங்கள் என்று சொன்னால் மிகையன்று. அந்த வண்ணக் கண்ணுக்குப் பழகிய வட்டாரத்தில், திரையும் வண்ணமும் அற்ற அரையர் ஸேவையின் படம் நாட்காட்டிக்கு ஆகாத பொருளாக ஒதுங்கியது வியப்பன்று. கும்பாபிஷேக மலர்களிலும் நினைவு மலர்களிலும் பிளாக் செய்து அச்சிட்ட சில படங்களாகவே அது வெளியுலகைக் கண்டது. அங்கும் பக்க அளவுக்காக ஓரங்களை வெட்டியபோது, அரையர் யாரை நோக்கி நிற்கிறாரோ அந்தத் திசையே பல வேளை வெட்டுண்டு போயிற்று. மலரைத் தொகுப்பவர் இதில் தவறாகக் கருத ஒன்றுமில்லை. அவர் தேடியது நல்ல முகம்.

முத்துக்குறியை எடுத்துக்கொண்டால் அவதாரிகையின் தேவை வெளிப்படையாகும். தலைவியின் நோய்க்குக் காரணம் அறியத் தாய் கட்டுவிச்சியை அழைக்கிறாள். கட்டுவிச்சி முத்துக்களைப் பரப்பிக் குறி பார்த்து, இந்நோய் செய்தவன் எம்பெருமானே என்று சொல்கிறாள். தாய், மகள், கட்டுவிச்சி மூவரும் ஒரே அரையர். வேஷம் மாற்றுவதில்லை; குரலும் நோக்கும் உடம்பின் சாய்வும் மாறும், அவ்வளவே. இந்நிகழ்ச்சியில் எடுத்த ஒரு படத்தில் அரையர் தலைசாய்த்துக் கீழே நோக்கி நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முத்தை நோக்கும் கட்டுவிச்சியா? நாணத்தால் நிலம் நோக்கும் தலைவியா? மகளின் நிலை கண்டு வருந்தும் தாயா? மூன்றுக்கும் அந்த உடல் இடங்கொடுக்கும். நேரில் ஸேவித்தவர்க்கு முன்கணமும் பின்கணமும் விடை சொல்லிவிடும். படத்தைப் பார்ப்பவர்க்கு அவ்விரண்டும் இல்லை. தாய்ப்பாசுரத்தை மகள் பாசுரமாகக் கொண்டு உரை எழுதினால் எவ்வளவு பிழையோ அவ்வளவு பிழை, தாயின் படத்தின் கீழே தலைவி என்று அச்சிடுவது.

பூர்வாசார்யர்கள் அரையர் அபிநயத்தை எவ்வளவு கூர்ந்து நோக்கினார்கள் என்பதற்கு ஸம்பிரதாயத்தில் ஐதிஹ்யங்கள் உண்டு. பெரியாழ்வார் திருமொழியில் கண்ணன் பூச்சி காட்டும் பதிகத்தை எம்பெருமானார் திருமுன்பு அரையர் ஒருவர் விண்ணப்பம் செய்கையில், பிள்ளைகள் ஒருவரையொருவர் அச்சுறுத்தும் வழக்கப்படி கண்ணிமையை மடித்துக் காட்டினார். எம்பெருமானாருக்குப் பின்னே இருந்த எம்பார் தம் இரு தோள்களிலும் கைவைத்து, சங்கும் சக்கரமும் ஏந்திய நிலையைக் குறிப்பாகக் காட்டினார். மறைத்து வைத்த திவ்யாயுதங்களைத் திடீரெனக் காட்டுவதே ஆயர் சிறுவரை அச்சுறுத்தும் என்பது அவர் திருவுள்ளம். அரையர் அதனைப் பற்றிக்கொண்டு மீண்டும் அபிநயித்தார். எம்பெருமானார் திரும்பிப் பாராமலே, இது எம்பாரின் கருத்து என்று உணர்ந்தார். அன்று ஒரு காமிரா இருந்திருந்தால் தோள்களில் கைவைத்த அரையரை அது பதிந்திருக்கும். முதலில் இமை மடித்ததும், பின்னிருந்து குறிப்புக் கொடுத்தவரும், முன்னிருந்து உணர்ந்தவரும் அதில் இரார். தோளில் கைவைத்ததன் பொருளும் இராது. இவ்வளவையும் காத்துக் கொடுத்தது வியாக்கியான மரபே.

ஆளவந்தார் விஷயத்தில் நிகழ்ந்ததும் இத்தகையதே. திருவனந்தபுரத்தைப் பாடும் திருவாய்மொழியை அரையர் விண்ணப்பம் செய்தபோது, அங்குச் செல்லத் தூண்டும் அடியைத் தம்மை நோக்கியே கூறியதாகக் கொண்டு அவர் திருவனந்தபுரம் புறப்பட்டார். குருகைக்காவலப்பனிடம் யோகரகஸ்யம் பெறக் குறித்த நாள் அதனால் தவறியது என்பர். ஒரு பார்வை சென்று சேர்ந்த இடத்தில் ஸம்பிரதாயத்தின் ஒரு ரகஸ்யமே போயிற்று. படத்தில் அரையரின் கண் ஓரிடத்தை நோக்குகிறது எனில், அந்த இடத்தில் யார் இருந்தார் என்பது சட்டத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது. பார்வையின் இலக்கைக் குறிக்காத படம் பாதிப் பாசுரம்.

சிற்பத்துக்கு இத்தொல்லை இல்லை. புதுச்சேரியில் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழகக் கோயில்களில் கறுப்பு வெள்ளையில் எடுத்துத் தொகுத்த படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவை. ஊர், கோயில், மூர்த்தி என்று அட்டவணைப்படுத்தப்பட்டவை. அட்டவணையில் ஒரு பிழை நேர்ந்திருந்தாலும், சிற்பம் இருந்த இடத்திலேயே இருக்குமாயின் யாரும் நேரில் சென்று திருத்திக்கொள்ளலாம். ஒரு மார்கழியின் ஓர் இரவில் ஓர் அரையர் செய்த அபிநயத்திடம் மீண்டும் சென்று கேட்க முடியாது. அவரிடமோ, அவரிடம் கற்ற பிள்ளைகளிடமோ, கோஷ்டியில் அன்று இருந்தவர்களிடமோதான் கேட்க வேண்டும். அரையர் திருவம்சங்கள் மிகச் சில. தம்பிரான்படி அவர்கள் திருமாளிகைகளில் ஓலையாகவும் கையெழுத்துப் படியாகவும் காக்கப்படுவது. கற்பவர் வாயும் கையும் வழியாகவே அபிநயம் இறங்கி வருவது. பிலிம் பரவிய பிறகு, 1950கள் முதல் 1980கள் வரையில் எடுத்த படங்களில் உள்ளவர்களை அடையாளம் காட்டவல்ல முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகிறார்கள்.

ஓலைக்குச் செல் போல அஸிட்டேட் பிலிமுக்கும் ஒரு நோய் உண்டு. வெப்பமும் ஈரமும் மிகுந்த அறையில் அது காடி நாற்றம் வீசத் தொடங்கி, சுருங்கி, வெள்ளி படிந்த மேற்படலம் நெளிந்து உரியும். தகரப் பெட்டியில் இறுக மூடி வைப்பது காப்பென்று பலர் கருதுவர். எழும் அமிலம் வெளியேறாமல் நோயை அது விரைவுபடுத்தும். பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை அருளிய வியாக்கியானத்தின் பெரும்பகுதி செல்லரித்துப் போக, மணவாள மாமுனிகள் (1370–1443) அழிந்த பகுதிக்கு மட்டும் வியாக்கியானம் செய்து, எஞ்சிய ஏட்டின் தொடக்கத்தோடு பொருத்தி நிறுத்தினார். அவரால் அது இயன்றது, பாசுரம் கையில் இருந்ததாலும் உபதேச பரம்பரை அறுபடாமல் இருந்ததாலும். திருக்குறுங்குடியில் கைசிக நாடகத்தை 1999இல் பேராசிரியர் செ. இராமானுஜம் மீட்டமைத்தபோதும், நாடகச் சுவடியும் மரபுக் கலைஞரின் நினைவும் ஒருங்கே தேவைப்பட்டன.

அரையர் ஸேவைப் படங்களுக்கு அவதாரிகை எழுதுவதில் ஓர் அனுகூலம் உண்டு. அத்யயனோத்ஸவம் வரிசை தவறாதது. இராப்பத்தில் நாளுக்கு ஒரு பத்தாகத் திருவாய்மொழி விண்ணப்பம் செய்யப்படும். படம் இராப்பத்தின் நான்காம் திருநாளில் எடுத்தது என்று மட்டும் தெரிந்தால் தேட வேண்டிய பாசுரங்கள் நூற்றுப்பத்துக்குள் அடங்கிவிடும். அவற்றிலும் அபிநயத்துக்கு உரியவை சிலவே. அரையர் திருநாமம், தலம், திருநாள், பாசுரம், பாத்திரம், பெருமாள் எத்திசையில் எழுந்தருளியிருந்தார் என்பது, இவ்வளவும் படத்தின் பின்புறத்தில் மெல்லிய பென்சிலால் எழுதத்தக்கவை. மை கூடாது, காலப்போக்கில் முன்பக்கத்துக்கு ஊறும்.

எழுதி வைத்தவர் ஒருவருமில்லை, நாளும் தெரியவில்லை என்னும் இடத்தில் நெகடிவே சாட்சி. 35 மில்லிமீட்டர் சுருளின் ஓரத்தில் பிலிம் செய்தவர்களே ஒன்று முதல் முப்பத்தாறு வரை எண்ணிட்டிருப்பர். அச்சிட்ட காகிதப் படங்களை எத்தனை முறை கலைத்தாலும், எது முன் எது பின் என்பதை அந்த ஓர எண்கள் சொல்லும். பதினேழாம் எண்ணில் தலைசாய்த்து நிற்பவர் யார் என்பது தெரியாமற் போனாலும், பதினாறில் முத்துப் பரப்பிய கை தெரிந்தால் ஐயம் தீரும். பல வீடுகளில் படங்களைச் சட்டமிட்டு வைத்துக்கொண்டு நெகடிவைக் குப்பையென்று கழித்துவிட்டார்கள். வேறு சிலர் நல்லதென்று தோன்றிய ஒரு கட்டத்தை மட்டும் கத்திரித்து எடுத்துக்கொண்டு மற்றதை விட்டார்கள். திருவாய்மொழியை நெஞ்சில் நிறுத்துபவர்கள் பாசுரங்களின் முதற்சொற்களைக் கோத்து அடிவரவு என்று தனியே பாடம் பண்ணுவர். அதற்குத் தனியாகப் பொருளில்லை. பாசுரம் முன்பின் மாறாமல் காப்பதே அதன் தொழில். கத்திரித்த பிலிமில் முதலில் போவது அந்த ஓர எண்தான்.